கையில் இல்லாத ஊசிக்கு ஒரு டிக்

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் கணவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் இருக்கக் கூடாதென்று, மூன்றாம் நாள் ட்ரிப்ஸ் ஊசியை வேறு இடத்தில் மாற்றிப் போட சிஸ்டர் வந்தார். எங்களைப் போலவே கொள்ளேகாலத் தமிழ்ப் பெண். ஊசியைக் கண்டாலே நடுங்குபவர் கணவர். "பாவம், இதே இருக்கட்டும் கண்ணு" என்றேன். "சரிங்கக்கா" என்று நம்மூர்ப் பாசத்தில் விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டியது. குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. ஊசியை உருவினார்கள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம். மேலும் பத்து நாள் படுக்கை.

மேனேஜரிடம் போனால், "வேண்டாம் என்றது நீங்கள்தானே?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். 'ஊசி போட்ட இடம் நன்றாக உள்ளது' என்ற வரிக்கு எல்லா ஷிப்டிலும் டிக். கை வீங்கிய அன்றும் டிக். ஊசியை எடுத்த மறுநாளும் டிக்!

"இல்லாத ஊசியைப் பார்த்தது யார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன். "அந்த சிஸ்டரை நீக்கிவிடுகிறோம்" என்றார். அவரை மட்டும் பலிகொடுக்க நான் கேட்கவில்லையே! மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டு, வாராவாரம் போய் நிற்கிறேன்.

இப்போது தெரிந்தவர் யார் அட்மிட் ஆனாலும், பிளாஸ்டர்மேல் ஊசி போட்ட தேதியைப் பேனாவால் எழுதிவிடுகிறேன். மாற்ற வரும்போது 'பாவம்' என்பதில்லை. நோயாளியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கிறேன்.