ஆதிலட்சுமி வளர்த்த கம்பிகள்

எட்டு மாதமாக அந்த உலையில் ஒன்றும் வளரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஆதிலட்சுமி அதைச் சூடேற்றினாள். ஆறிய பிறகு திறந்து, வெறுமையாக இருந்த சிலிக்கான் துண்டை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு, தேதி எழுதி அலமாரியில் வைத்தாள். தட்டு நிறைந்துபோய், டப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

ஆதிலட்சுமி கம்மாபுரம் பக்கத்தவள். வயது நாற்பத்திரண்டு. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்துவிட்டு, விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் பதினான்கு வருஷம் சூளை வேலை பார்த்தாள். நின்று நின்று முழங்கால் தேய்ந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை என்று யாரோ சொல்லக் கேட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் ஒப்பந்த உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கேயும் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

பேராசிரியர் குருமூர்த்தி அவளை எடுத்ததே சூளை தெரிந்தவள் என்பதற்காகத்தான். துத்தநாக ஆக்சைடில் நானோ கம்பி வளர்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

"கம்பின்னா கரண்டு கம்பி மாதிரியா சார்?" என்று முதல் நாள் கேட்டாள்.

"கம்பிதாம்மா. உங்க தலைமுடி ஒண்ண நீளவாக்குல ஆயிரமா கிழிச்சா ஒரு பங்கு எவ்ளோ இருக்கும், அவ்ளோதான் தடிப்பு. தனியா கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்குல சேந்து நின்னாதான் வெள்ளையா பூஞ்சை பூத்த மாதிரி இருக்கும்."

"அத வெச்சு இன்னா சார் பண்றது?"

"நெறைய பண்ணலாம்னு உலகம் பூரா பாத்துட்டிருக்காங்க. வெளிச்சத்த கண்டுபிடிக்கலாம். வளைச்சா துளி கரண்டு வருது, அதுல சின்னச் சின்ன கருவி ஓட்டலாம். நம்ம வேலை விஷப்புகைய கண்டுபிடிக்கறது. விஷவாயு மேல பட்டா அதுல ஓடுற கரண்டு மாறும். அவ்ளோ மெல்லிசா இருக்கறதால கொஞ்சம் பட்டாலே தெரிஞ்சிடும். சூளைக் கொட்டாயில மாட்டி வெச்சா, ஆளு மயங்கறதுக்கு முன்னாடி மணி அடிக்கும்."

ஆதிலட்சுமி அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கணவன் கொளஞ்சியப்பன் சூளைக் கொட்டகையில்தான் வேலை செய்தான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கதவைச் சாத்தி வைத்து எரித்த ஒரு நாள், தலைவலி என்று வெளியே வந்தவன் வாசலிலேயே சுருண்டு விழுந்திருந்தான்.

வேலை கேட்பதற்குச் சுலபம். துத்தநாக ஆக்சைடு மாவையும் கரித்தூளையும் கலந்து, படகு என்று சொல்லும் நீளப் பீங்கான் கிண்ணத்தில் வைக்க வேண்டும். சற்றுத் தள்ளி, தங்கம் மெல்லிசாகப் பூசிய சிலிக்கான் துண்டு. இரண்டையும் நீளக் குழாய்க்குள் தள்ளி, ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். மாவு ஆவியாகிப் போய்த் தங்கத் துளிகளில் இறங்கும். ஒவ்வொரு துளிக்கு அடியிலும் ஒரு கம்பி எழும்பும். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் எழும்பியது. பிறகு பழைய குழாயில் விரிசல் விட்டது. குழாய், முனை மூடி, ரப்பர் வளையம் எல்லாம் புதிதாக வந்தன. அன்றோடு கம்பி நின்றுபோனது.

குருமூர்த்தி மாவை மாற்றினார். தங்கத்தை மாற்றினார். சூட்டை ஏற்றினார், இறக்கினார். திட்டம் மார்ச்சில் முடிகிறது என்று ஆரம்பத்தில் தினமும் சொன்னவர், பிறகு அதையும் சொல்வதில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார். ஆதிலட்சுமிக்கும் காலையில் பஸ் ஏறும்போதே உடம்பு கனத்தது.

ஜனவரியில் ஒரு நாள் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயு வெளியேறும் முனையில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. துணியில் ஈயம் மாதிரி மின்னியது. இதை மாதக்கணக்காகத் துடைத்து எறிந்திருக்கிறாள். அன்றைக்குத்தான், பழைய குழாயில் இதே இடத்தில் வெள்ளைப் பொடிதான் இருக்கும் என்பது உறைத்தது.

துணியைக் கொண்டுபோய்க் குருமூர்த்தியின் மேசையில் விரித்தாள்.

"சார், சூளையில காத்து பத்தலன்னா மேல்பூச்சு கறுத்துப்புடும். இதுவும் அப்படித்தான் தெரியுது. வெறும் துத்தநாகமா வந்து ஒட்டுது. ஆக்சைடா மாறவே இல்ல."

"ஆர்கான்ல ஆக்சிஜன் இருக்கக் கூடாதும்மா. சுத்தமா இருக்கணும்னுதான புதுசு வாங்கினோம்."

"பழைய மூடி சரியா உக்காராதுங்க சார். ரப்பரு தேஞ்சு கெடந்துச்சு. நான் துணிய சுத்தித்தான் இறுக்குவேன். அதுல கொஞ்சம் காத்து போயிட்டே இருந்திருக்கும்."

அவர் அந்தப் படிவை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அப்ப இத்தன நாளு கசிவுலதான் வளத்தோமா?" என்றார். கோபமில்லை. களைப்புதான் தெரிந்தது. "சரி. உங்க இஷ்டப்படி பண்ணிப் பாருங்க."

மூடியைக் கால் சுற்று தளர்த்தினாள். ஒன்றுமில்லை. அடுத்த முறை அரைச் சுற்று. கரியெல்லாம் எரிந்துபோய்ப் படகிலேயே மாவு கட்டிக்கொண்டது. அரையிலிருந்து நூல் நூலாக இறுக்கிக்கொண்டே வந்தாள். ஏழாவது முறை திறந்தபோது சிலிக்கான் துண்டின்மேல் வெளிறிய பூஞ்சை படர்ந்திருந்தது. குருமூர்த்தி அதைப் புதுச்சேரிக்கு எடுத்துப்போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார். நெருக்கமாக, நேராக, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. ஆதிலட்சுமி போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கொளஞ்சியப்பனிடம் காட்டினாள். "நாத்து மாதிரி இருக்குது" என்றான் அவன்.

அந்தக் கம்பிகளை வைத்து, விஷவாயுவைக் காட்டும் உணரி ஒன்று செய்தார்கள். கூடத்தில் சோதித்தபோது, துளி கார்பன் மோனாக்சைடுக்கே முள் நகர்ந்தது. அடுத்த வாரம் பருவம் தப்பி மழை பிடித்தது. ஈரக்காற்றையும் அது விஷம் என்றே எண்ணிக்கொண்டு இடைவிடாமல் மணியடித்தது. அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்றார் குருமூர்த்தி. மார்ச் வந்தது. திட்டம் முடிந்தது, அவளுடைய ஒப்பந்தமும் முடிந்தது. கம்பி வளர்த்ததைப் பற்றிய கட்டுரை வெளியானபோது மூன்றாவது பெயராக அவள் பெயரைப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் கம்பெனி ஒன்றில் தட்டி விரிசல் பார்க்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கொட்டகையில் கொளஞ்சியப்பனும் கூட வேலை செய்பவர்களும் முதலாளியிடம் பலமுறை கேட்டு, மேல்சுவரில் இரண்டு காற்றுப்போக்கி வைக்கச் செய்திருந்தார்கள். அதற்கு நானோ கம்பி தேவைப்படவில்லை.

ஆடி மாதம் திருச்சியிலிருந்து ஒரு பெண், குருமூர்த்தியிடம் எண் வாங்கிப் போன் செய்தாள். பெயர் இனியா, ஆராய்ச்சி மாணவி. கட்டுரையைப் பார்த்துச் செய்கிறாளாம், வளரவில்லையாம்.

"மேடம், மூடிய எவ்ளோ தளர்த்தணும்னு அதுல தெளிவா இல்ல."

"மேடமெல்லாம் வேணாம்மா. அளவு சொல்லத் தெரியாது. ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு விதம். கைக்குத்தான் தெரியும்."

 "மூணு மாசமா ஒண்ணும் வளரலங்க" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்திருந்தது.

ஆதிலட்சுமிக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். துணி துவைக்கவும் காலை நீட்டவும் அது போதாது. ஆனாலும் அந்த ஞாயிறு வேப்பூர் போய்த் திருச்சி பஸ் பிடித்தாள். உட்கார இடமில்லை. பெரம்பலூர் வரை நின்றுகொண்டே போனாள்.

இனியாவின் கூடத்தில் அவள் மூடியைத் திருக, இனியா ஒவ்வொரு திருகலுக்கும் உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று ஒரு மீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டாள். சாயங்காலம் வரை இரண்டு முறை ஓட்டினார்கள். இரண்டிலும் வளரவில்லை. "போயிட்டு வரேம்மா. நூல் நூலா இறுக்கிட்டே வா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பத்து நாள் கழித்து, கம்பிகள் எழும்பி நிற்கும் படம் இனியாவிடமிருந்து வந்தது. கீழே ஒரே ஓர் எண். இனிமேல் யார் வேண்டுமானாலும் அந்த அளவு ஆக்சிஜனை ஆர்கானோடு கலந்து விட்டால் போதும், மூடியைத் தளர்த்த வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள். ஆதிலட்சுமி இரண்டு முறை படித்தாள். நல்லது என்று பதில் அனுப்பிவிட்டு, அடுத்த பீங்கானை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.