பசுவின் தொண்டையில் மாங்கொட்டை இல்லை

எங்கள் பசுவை எந்த நாய், எப்போது கடித்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தைந்தில், மாங்காய் இறக்கி முடிக்கிற சமயத்தில், வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் நான், என் மாமியார், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த என் மகள், ஒரு பசு.

மாங்காய்க் காலத்தில் எங்கள் பக்கத்து மாடுகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. உதிர்ந்த பழத்தை அப்படியே விழுங்கிவிடும். கொட்டை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எச்சில் ஒழுகும், தண்ணீர் இறங்காது. அந்த மாதிரி நேரத்தில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஓடிவருவது என் மாமியாரிடம்தான். வாய்க்குள் கையை விட்டு, லாவகமாகக் கொட்டையை எடுத்துவிடுவார்.

அன்று காலையில் எங்கள் பசுவே எச்சில் ஒழுக நின்றது. பக்கத்து வீட்டு அம்மா தாடையைப் பிடித்துக்கொள்ள, மாமியார் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. வெளியே இழுக்கும்போது மாட்டின் பல் பட்டு மணிக்கட்டில் நீளமாகக் கீறிவிட்டது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து என் மகளைத் தூக்கப் போனார். நான் குழந்தையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

அவர் முகம் மாறிப்போனது. "ஏன், எங்கையில பீயா ஒட்டிக்கிச்சு?"

முந்தின நாளிலிருந்தே பசுவின் குரல் உடைந்து கரகரத்ததைக் கவனித்திருந்தேன். வெறிநாய் கடித்த மாட்டுக்கும் இப்படித்தான் எச்சில் ஒழுகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். ஆனால் நான் நினைத்தது தப்பாக இருந்தால்? நல்ல மாட்டுக்கு வெறி என்று சொன்ன மருமகளாகிவிடுவேனே. சோப்பை எடுத்துவந்து அவர் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "தோலையே உரிச்சிடுவ போல" என்று முணுமுணுத்தார். பிறகு கால்நடை டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் மாட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "வாயில யாரு கைய வுட்டது?" என்றுதான் முதலில் கேட்டார். இது வெறிநோய்தான், மாடு பிழைக்காது, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே ஊசியை ஆரம்பியுங்கள் என்றார்.

மாமியார் அசையவில்லை. "என்னை நாயா கடிச்சுது? மாட்டுப்பல்லு கீறுனதுக்கு எவளாவது வயித்துல ஊசி குத்திக்குவாளா? பச்சிலை வாங்கித் தின்னாப் போச்சு."

மாமியாரை எதிர்த்து அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன். "அத்தை, அந்தக் கிருமி தனியா வளராது. எச்சில்ல இருந்து கீறல் வழியா நரம்புக்குள்ள பூந்துக்கும். நம்ம உடம்புச் சத்தை வெச்சே தன்னை மாதிரி நூறு, ஆயிரம்னு உண்டாக்கிக்கும். அப்படியே மெல்ல மூளைக்கு ஏறும். ஏறுற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. ஏறிட்டா மருந்தே கிடையாது."

அவர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். "புல்லுருவின்னு சொல்லு" என்றார்.

மாமரத்துக்காரர்களுக்குப் புல்லுருவியைத் தெரியும். குருவி எச்சத்தோடு விழுகிற விதை கொம்பில் ஒட்டிக்கொள்ளும். பட்டைக்குள் புகுந்து மரத்தின் சத்தை உறிஞ்சியே தழைக்கும். விட்டால் கொம்பே பட்டுப்போகும்.

"ஆமா அத்தை. விதை வந்து ஒட்டியிருக்கு. உள்ள பூந்துச்சா இல்லையான்னு நமக்குத் தெரியாது."

"அப்ப எந்திரி. பஸ்ஸு போயிடும்."

புறப்பட்ட கையோடு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார். தாடையைப் பிடித்திருந்த அந்த அம்மாவின் விரலிலும் வெடிப்பு இருந்தது. "சாவு வந்தா வரட்டும்க்கா, வயித்துல ஊசி வேணாம்" என்று அவர் கதவோரம் ஒதுங்கினார். "நீ செத்தா உம் புருசன் ரெண்டாந்தாரம் கட்டிக்குவான், பரவால்லயா?" என்றார் மாமியார். அந்த அம்மா செருப்பைத் தேடினார்.

தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி. வயிறு வீங்கிக் கன்றிப்போகும், இரவில் காய்ச்சல் அடிக்கும். இரண்டு பேரும் ஒருநாள்கூட விடவில்லை. இதற்கிடையில் பசு செத்துப்போனது. தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். எங்களிடம் பால் வாங்கியவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று நான் குமைந்துகொண்டிருந்தேன். மாமியார் வீடு வீடாகப் போய், "காய்ச்சாம யாராவது குடிச்சீங்களா? எம் மருமவ கேட்டுட்டு வரச் சொன்னா" என்று விசாரித்துவிட்டு வந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

அடுத்த மாங்காய்க் காலத்தில் சூளகிரிப் பக்கமிருந்து ஒருவர் மாட்டுக்காக அவரைக் கூப்பிட வந்தார். "குரல் எப்படி இருக்குது? ஊருக்குள்ள வெறிநாய் ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார் மாமியார். வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. "அப்ப நீயும் கைய வுடாத, நானும் வுடமாட்டேன். போய் டாக்டரை இட்டுக்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாடுகளைப் பிழைக்கவைத்த கை அது. அதை மடக்கி வைத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும். 'எல்லாத்துக்கும் பயப்படுறவ' என்று பேர் வாங்கிய என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் அப்படிச் செய்தார் என்பதில், சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும், எனக்குப் பெருமைதான்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தெருவில் எந்த நாய்க்குட்டியைப் பார்த்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். அதட்டினால் என்னைப் போலவே பயந்தவளாக வளர்ந்துவிடுவாளோ, விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் தவிக்கிறேன். பயத்தை ஊட்டாமல் எச்சரிக்கையை மட்டும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மார்கள் உங்களில் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்களேன்.