கிளிப்பச்சை கேட்டால் இலைப்பச்சை

காலையில் கடையைத் திறந்ததுமே திருச்செங்கோட்டிலிருந்து போன். அங்கே சேலைக்கடை வைத்திருக்கும் அக்கா, என்னிடம் மொத்தமாக வாங்குபவர்.

"ஏனுங்கண்ணா, போட்டோவுல கிளிப்பச்சை, பார்சலப் பிரிச்சா இலைப்பச்சை! கல்யாண ஊட்டுக்காரங்க வேண்டாங்கறாங்க. இனி உங்க போட்டோவ நம்பி எப்படிங்க வாங்கறது?"

என் வியாபாரத்தில் பாதி வாட்ஸ்அப் போட்டோவில்தான் ஓடுகிறது.

பழியைச் செல்போன் மேல் போட்டேன். நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கிவிடலாம் என்று, அஸ்தம்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன் பஷீரைக் கேமராவோடு வரச் சொன்னேன்.

அதே இலைப்பச்சை ரகச் சேலையை, நான் எப்போதும் போட்டோ எடுக்கும் மேஜையில் விரித்து எடுத்தான். அதிலும் கிளிப்பச்சை!

பஷீர் மேலே பார்த்துச் சிரித்தான். "ஏம்ப்பா, ஜரிகை மின்னணும்னு மஞ்சள் லைட்டப் போட்டுட்டு கேமராவக் குத்தம் சொல்றியா? வெளிய வா."

வாசல் வெளிச்சத்தில் அவன் கேமராவிலும் இலைப்பச்சை, என் போனிலும் இலைப்பச்சை.

"கடைக்கு இந்தப் போனே போதும். உன் பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் என்னையக் கூப்பிடு" என்றான்.

ஸ்டாக்கில் இருந்த அசல் கிளிப்பச்சையை வாசலில் வைத்துப் போனில் எடுத்து, மாற்றித் தருகிறேன் என்று அக்காவுக்கு அனுப்பினேன்.

"இதேதானுங்கண்ணா. இன்னிக்கே பார்சல் போட்டு உட்டுருங்க" என்று பதில் வந்தது. அப்புறம்தான் டீ குடித்தேன்.

மஞ்சள் லைட்டைக் கழற்றிவிட்டாயா என்று யாரும் கேட்காதீர்கள். நேரில் வருபவர்களுக்கு ஜரிகை மின்ன வேண்டாமா? தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன் என்று ஜவுளிக்காரர்கள் திட்டிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எந்தக் கடையானாலும் சேலையை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.