நாலு தேக்குப் பலகையும் அஜீஸும்

அஜீஸ் போயிட்டான்.

விடிகாலையில அவன் மகன் ரியாஸ் போன் பண்ணினான். "மாமா... அத்தா மவுத்தாயிட்டாங்க."

வலங்கைமான் கடைத்தெருவில் பிளைவுட், ரெடிமேட் கட்டில், மாடுலர் கிச்சன் எல்லாம் விற்ற அஜீஸ்தான். இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் வீட்டு அலமாரி அவன் கடைச் சரக்கு.

விவசாயிதான்னாலும் நான் தேக்குப் பேரரசின் கடைசிச் சக்கரவர்த்தி. அவன் மரத்தூளில் பசை ஊற்றி அழுத்தின போர்டுக்கு உலகத் தூதர். ஆத்துல தண்ணி வராத வருஷம் உண்டு... நாங்க சண்டை போடாத வாரம் கிடையாது.

"டேய், உன் கடை டேபிள் பக்கத்துல நின்னு தும்மினா நாலு காலும் நாலு ஊருக்குப் போயிரும்டா" என்பேன்.

"உன் கட்டிலை நகர்த்த மன்னார்குடியிலேந்து யானை வந்து, பார்த்துட்டு, லீவு சொல்லிட்டுப் போச்சாமே" என்பான். கஸ்டமர் முன்னாடியே. சிரிக்காமல்.

என் வீட்டிலேயே கைவரிசையைக் காட்டினான். நான் அறுவடைக்கு வயல்ல நின்ன நேரம் பார்த்து, என் சம்சாரமும் அவனும் கூட்டுச்சதி பண்ணி மாடுலர் கிச்சன் போட்டுட்டாங்க. ஆரஞ்சு கலர். கண்ணு கூசும். செவ்வாய் கிரகத்திலேந்து பார்த்தாலும் எங்க வீடு தெரியும்.

அந்த ஐப்பசி மழையில வாய்க்கால் உடைச்சுக்கிட்டுத் தண்ணி உள்ள வந்தது. கிச்சன் கீழ்த்தட்டு முழுக்க பஜ்ஜி மாதிரி உப்பிப் போச்சு. என் வாழ்நாளின் மாபெரும் வெற்றி. போன் போட்டு அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன்.

கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னான். "வீட்டுக்குள்ள வாய்க்காலை விட்டது நீ. போர்டைத் திட்டுறியா?" என் சம்சாரம் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, "அண்ணன் சொல்றது சரிதானேங்க" என்றாள்.

என் தேக்குக் கட்டில்ல உட்கார்ந்துதான் அந்த டீயைக் குடிச்சான் துரோகி.

போன மாசம் பார்க்கப் போனப்ப ஆளே பாதியா இருந்தான். வாய் மட்டும் முழுசா இருந்தது.

"மச்சான், எங்கள்ல குழியில வச்சதும் மேல பலகை அடுக்கி, அப்புறம்தான் மண்ணு தள்ளுவாங்க. எனக்கு உன் தேக்குல நாலு பலகை கொடேன். நீ ஜெயிச்சேன்னு நெனச்சுக்காத. சும்மா கேக்குறேன்."

"போடா, உனக்கு உன் போர்டுதான். மழை வந்தா நீயே மூடியைத் தள்ளிட்டு எழுந்து வரலாம்" என்றேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவனுக்கு இருமல் வந்துருச்சு.

வீட்டுக்கு வந்து, புயல்ல சாய்ஞ்ச எங்க கொல்லைத் தேக்கில் அறுத்துப் பரண்ல வச்சிருந்ததை இறக்கினேன். நாலு பலகை. இழைச்சு, பாலிஷ் போட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன்.

"பாலிஷ் பத்தல"ன்னு பதில் போட்டான். இன்னொரு கோட்டிங் அடிச்சேன்.

அவன் என்கிட்ட கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான்.

இன்னைக்கு அந்த நாலையும் குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு கபர்ஸ்தான் வாசல்ல போய் நின்னேன். ஜமாத் பெரியவர் வந்து ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார்.

"அருமையான மரம் தம்பி. எத்தனை வருஷம் தாங்கும்?"

விடுவேனா... "உங்க பேரன் காலத்துக்கும் அப்படியே கிடக்கும் பாய். கரையான் கிட்ட வராது. தண்ணி ஒண்ணும் பண்ணாது."

அவர் என் தோள்ல கை வச்சார். "அதுக்குத்தான் தம்பி யோசிக்கிறேன். இங்க இடம் கொஞ்சம். இதே எடத்துல பின்னாடி இன்னொருத்தருக்குத் தோண்டணும். பலகை மண்ணோட மண்ணாப் போயிரணும். எல்லாருக்கும் போடுற நாட்டுமரம் அங்க வச்சிருக்கு... அதையே போட்டுருவோமே."

ரியாஸ் என் முகத்தைப் பார்த்தான். "அத்தா சும்மா வெளையாட்டுக்குக் கேட்டிருப்பாங்க மாமா" என்றான்.

இருக்கலாம். இனிமே யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறது...

இழைக்காத, கோணல்மாணலான, ஏதோ ஒரு மரம். அதைத்தான் அடுக்கினாங்க. நானும் மூணு பிடி மண்ணு போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சம்சாரம் "ஏங்க திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?" என்று கேட்டாள். நான் திண்ணையில போய் உட்கார்ந்துக்கிட்டேன்.

பலகை இன்னும் வண்டியிலயே கிடக்கு. வானம் இருட்டிக்கிட்டு வருது. மேல தார்ப்பாயாவது போடுங்கன்னு உள்ளேந்து குரல் கேக்குது.

நனையட்டும்.

போடா அஜீஸ்... போ.