பள்ளிவாசலில் பத்து நாள்

சிங்கப்பூர் ஆற்றில் நான் ஒரு தொங்கானுக்கு, அதாவது சரக்குப் படகுக்கு, தண்டல்; படகின் தலைவன். கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக் கிட்டங்கி வாசலில் சேர்ப்பது எங்கள் வேலை. துடுப்புப் போட ஆறு பேர். வாய் என்றால் அப்படி ஒரு வாய் எனக்கு. அவர்களுடைய தாய், தகப்பன், பிறந்த ஊர் ஒன்றையும் விட்டுவைக்காமல் ஏசினால்தான் படகு நகரும் என்று நம்பியிருந்தேன்.

ஒரு வருடம், நோன்பு இருபதாம் நாள், அஸர் தொழுகை முடிந்ததும் இமாம் எழுந்தார். கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருக்க ஒருவரும் முன்வரவில்லை என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பத்து நாள் வேலையை விட யாருக்கு முடியும்? அப்போது இன்னொரு தண்டல் என்னைக் காட்டிச் சிரித்தான்.

"இவர் இருக்கட்டுமே. ஆத்துல பத்து நாளைக்காவது எங்க காது கிழியாம இருக்கும்."

"இருக்கிறேன்" என்றேன். அல்லாஹ்வுக்காகச் சொல்லவில்லை. அவன் முகத்தில் கரி பூசவே அப்படிச் சொன்னேன்.

படகை மூத்த துடுப்புக்காரரிடம் ஒப்படைத்தேன். வீட்டிலிருந்து பாயும் மாற்றுக் கைலியும் வந்தன. முதல் மூன்று நாள் உடம்பு பள்ளியில், மனசு ஆற்றில். தண்ணீர் ஏறும் நேரமெல்லாம் கை துறுதுறுத்தது. நான்காம் நாள் நோன்பு திறக்கும்போது, பாங்கு சொல்லும் மோதினார் கை தவறிக் கஞ்சியை என் பாயில் கொட்டிவிட்டார். படகில் பேசுகிற வார்த்தை ஒன்று என் வாயிலிருந்து வந்தது. உயர்ந்த கூரையில் பட்டு அது எனக்கே திரும்பக் கேட்டது. அவர் குனிந்து துடைத்துவிட்டுப் போனார்.

யார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசினேன்? அவர் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஓதினேன், தொழுதேன், மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த துஆவெல்லாம் மறந்து போயிற்று. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் அவன் முன்னால் இருக்கிறேன். அது போதுமாயிருந்தது. ஏழாம் நாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பின் அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை. எதனால் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பெருநாள் கழித்துப் படகுக்குத் திரும்பினேன். அன்று தண்ணீர் வற்றிப் பாலத்துக்குப் பக்கத்தில் சேற்றில் படகு சிக்கிக்கொண்டது. முன்னால் கழி பிடித்தவனின் தவறுதான். ஆறு தலைகளும் குனிந்துகொண்டன, ஏச்சுக்காக. வாயைத் திறந்தேன். பழைய வார்த்தை எதுவும் வரவில்லை.

"தள்ளுங்கப்பா. நானும் இறங்குறேன்."

மூத்த துடுப்புக்காரர் பயந்துபோய்க் கேட்டார்: "தண்டல், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இடுப்பளவு சேற்றில் ஏழு பேரும் சிரித்துக்கொண்டே தள்ளினோம். படகு நகர்ந்தது. மாலையில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவன் மட்டும், "அது இருக்கட்டும். நாளைக்கும் இப்படியே இருங்க, பாப்போம்" என்றான்.

இருந்தேன். மூன்று தடவை நாக்கு வழுக்கியது. மூன்று தடவையும் விடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நோன்புக்குள் மற்றப் படகுகளிலிருந்து ஆட்கள் என் தொங்கானில் வேலை கேட்டு வந்தார்கள். இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். அல்லாஹ் பத்து நாள் தன் சமுகத்தில் உட்காரவைத்து என்னையும் ஒரு மனிதனாக்கினானே, அந்தப் பெருமை.

ஒருநாள் தேக்கா வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த அறையில் படுத்திருந்தேன். மனைவி சமைக்கும் மூலையில் பாத்திரங்கள் கலகலவென்று உருண்டன. கூடவே ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன புதுசா இவ்வளவு சத்தம்?" என்றேன், சிரித்தபடி.

அவள் கை நின்றது. "நீங்க வீட்டில இருந்தா சத்தம் வராமதான் சமைச்சுப் பழகியிருந்தேன். எப்ப மறந்தேன்னு எனக்கே தெரியல."

ஒரே அறையில் அத்தனை வருடம் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. எழுந்து போய் அவள் கையிலிருந்த சட்டியை வாங்கி இறக்கிவைத்தேன். அன்று அவளும் என்னோடு உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டாள்.