கரியப்பன் திறக்காத மூடி

கரியப்பன் மேஸ்திரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் நாற்பது சொல்வேன். கெட்டதாக ஒன்றே ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஓசூரில் என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. அன்றைக்குக் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துத் தொலைத்தவன் நான்தான்.

பெங்களூர் ரோட்டில் எனக்கு வாடகை சைக்கிள் கடை. என் கடைக்கும் அவன் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, பர்மா எல்லை வரை போய் லாரிகளைப் பிரித்து மாட்டியவன். நாற்பத்தாறில் திரும்பி வந்து, தகரக் கூரை ஒன்றைப் போட்டுத் தொழிலை ஆரம்பித்தான். எஞ்சினைக் கன்னடத்தில் திட்டுவான். போல்ட்டைத் தெலுங்கில் எண்ணுவான். வண்டிக்காரர்களிடம் தமிழில் பேசுவான். பட்டாளத்து இந்தியைச் சண்டைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தான்.

அவனுக்கு ஒரு பிடிவாதம். கண்ணால் பார்க்காமல் காரணம் சொல்லவே மாட்டான். எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது என்று வண்டி வந்தால், மற்ற மேஸ்திரிகள் நனைந்த இடத்தைப் பார்த்து அங்கேயே ஸ்பானரைப் போடுவார்கள். இவன் மொத்த எஞ்சினையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவான், துணியால் ஈரம் போகத் துடைப்பான், பெண்டாட்டி முனிலட்சுமியின் கோலமாவை எடுத்து மேலெல்லாம் தூவுவான். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குந்திக்கொள்வான். எந்த இடத்தில் மாவு நனைகிறதோ, அதுதான் ஒழுகும் இடம். "என் வாசல்ல கோலம் இல்ல, ஊரான் வண்டிக்கெல்லாம் கோலம்" என்று முனிலட்சுமி கத்துவாள். இந்தக் கோலமாவு வைத்தியத்தால்தான் சூளகிரி, கிருஷ்ணகிரி வரைக்கும் அவன் பேர் போயிருந்தது.

அவன் செய்த இன்னொரு வைத்தியத்துக்கு அவ்வளவு பேர் கிடையாது, ஏனென்றால் அதை எல்லாரும் செய்தார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் சொட்டினால் ஒரு கை ராகி மாவை உள்ளே போட்டுவிடுவது. சூட்டில் மாவு வெந்து களியாகி, ஓட்டையைப் போய் அடைத்துக்கொள்ளும். ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வரைக்கும் தாங்கும். எங்கள் பக்கம் ஓடிய பழைய வண்டிகளில் பாதி, எங்களைப் போலவே ராகியில்தான் ஓடின.

ஐம்பத்தாறாம் வருஷம் வைகாசியில் ஒரு கறுப்புக் கார் அப்படி வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெரிய விவசாயி நாராயணப்பன், பெங்களூரில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தீர்த்த வண்டியை வாங்கியிருந்தார். ஓட்டுகிறவன் கங்கப்பன். அவன் அப்பன் அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவன், இவன் கார் ஓட்டினான். பெண்டாட்டி கெம்பம்மாவுக்கு அதே வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை. குடியிருந்த குடிசையும் நாராயணப்பனின் நிலத்து ஓரத்தில்தான். ரேடியேட்டர் சொட்டுகிறது என்று அவன் வந்த அன்று, கரியப்பன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு கை ராகி மாவை எடுத்துப் போட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒரு வாரத்துல கொண்டா, ஈயம் வெச்சிடலாம். நடுவுல சொட்டினா இன்னொரு கை போடு" என்று சொல்லி அனுப்பினான்.

சொட்டாத வண்டிக்கு எதற்கு ரிப்பேர் என்று எசமான் அனுப்பவில்லை. இரண்டு மாசம் போயிற்று.

ஆடி மாசம் நாராயணப்பன் ஒரு கோர்ட்டு வேலையாகக் கிருஷ்ணகிரி போய்த் திரும்பும்போது, மேலுமலை ஏற்றத்தில் வண்டி கொதித்துப் புகை கக்கி நின்றுவிட்டது. அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறது. புளி ஏற்றி வந்த லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நாராயணப்பன் வந்தார். கங்கப்பன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்தால் ராத்திரி முழுக்கத் தூங்கினவன் மாதிரி இல்லை.

"மேஸ்திரி, ஒரு மாசத்துல ரெண்டு டின் எண்ணெய் வாங்கிக் குடுத்திருக்கேன். ஊத்த ஊத்தக் கொறையுது. கொட்டகையில வண்டி நிக்கிற எடத்துல ஒரு சொட்டுக் கறை இல்ல, நானே குனிஞ்சு பாத்தேன். அப்ப எண்ணெய் எங்க போச்சு?" என்றார் நாராயணப்பன்.

"நேத்து ஒழுகியிருக்குதே எசமான்."

"நேத்து சூடேறி ஒழுகியிருக்குது. அதுக்கு முந்தி? இந்தப் பய எண்ணெய ஜூஜுவாடியில லாரிக்காரனுங்களுக்கு வித்திருக்கான். எண்ணெய் இல்லாம ஓட்டித்தான் வண்டி கொதிச்சிருக்குது."

"ஐயோ, சாமி சத்தியமா இல்ல எசமான்" என்றான் கங்கப்பன்.

"நீ வாய மூடு. மேஸ்திரி, நான் தாலுகா ஆபீசுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வரேன். முந்தியே ஒழுகல் இருந்துதுன்னா எனக்குக் காட்டு. இல்லன்னா இவன ஸ்டேஷன்ல உட்டுட்டு, அந்த கெம்பம்மாவையும் சட்டிபானையோட வெளிய அனுப்பிட்டுத்தான் எனக்கு மறு வேலை."

அவர் போனதும் கரியப்பன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தான். ஐந்து நிமிஷம் கூட இருக்க மாட்டான். வெளியே வந்து விரலை முகர்ந்து பார்த்தான். எண்ணெய் பட்டிருந்தது எஞ்சினுக்கு அடியில் அல்ல, அதற்கும் முன்னால், ரேடியேட்டருக்கு நேர் கீழே. கொதித்த தண்ணீர் வெளியே வழிவதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்குமே, அதன் வாயெல்லாம் பிசுக்கு.

"எத்தினி கை போட்ட?" என்று மெல்லக் கேட்டான்.

"மூணு. நீங்க போட்டது சேத்து நாலு. சொட்டினா போடுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றான் கங்கப்பன்.

கரியப்பன் விரலைத் துணியில் துடைத்தான். நேராகப் போய் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நான் சைக்கிள்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொதித்துப்போன வண்டியில் முதலில் தண்ணீர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது ரோட்டில் போகிற மாட்டுக்குக் கூடத் தெரியும். கரியப்பன் எஞ்சினின் மேலே தேய்த்தான், பக்கவாட்டில் தேய்த்தான், மல்லாந்து படுத்து அடியில் தேய்த்தான். தேங்காய் நாரால் போல்ட் போல்ட்டாகத் தேய்த்தான். ரேடியேட்டர் மூடிப் பக்கம் மட்டும் கை போகவில்லை.

பதினோரு மணிக்குக் கோலமாவைத் தூவினான். "ரெண்டு நிமிஷம்தான், தண்ணி ஊத்த வேணாம்" என்று எஞ்சினை ஓடவிட்டான். மாவு எங்கேயும் நனையவில்லை. நிறுத்தினான். ஆறட்டும் என்றான். மறுபடி துடைத்தான், மறுபடி தூவினான். இரண்டாம் தரமும் மாவு விடியற்காலை வாசல் மாதிரி வெள்ளையாகவே கிடந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தட்டியைத் தாண்டிப் போய், "யோவ், அந்த மூடியத் தொறந்துதான் பாரேன்" என்றேன்.

"எதையும் வரிசையாப் பாக்கணும் சைக்கிள்காரரே" என்றான், என் முகத்தைப் பார்க்காமலே.

வரிசையாம், மண்ணாங்கட்டி! அவனுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் கிருஷ்ணகிரி பஸ் முதலாளி ராமப்பன், தன் நாலு பஸ்ஸையும் இனிமேல் இங்கேயே அனுப்பப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். கோலமாவு போட்டுக் குறையைக் கண்டுபிடிக்கிற மேஸ்திரி, ராகி மாவு போட்டு எஞ்சினைக் கெடுத்தான் என்று வெளியே தெரிந்தால் பஸ் வருமா? ஐந்து பிள்ளைகளைப் பெற்றவன். அவன் கணக்கு எனக்குப் புரிந்தது, புரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான். தாலுகா ஆபீஸ் கூப்பிடு தூரம். நான் போய் நாராயணப்பனிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கடைக்காரனைப் பகைத்துக்கொள்வானேன் என்று நானும் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் முனிலட்சுமி களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். கங்கப்பனுக்கும் ஒரு உருண்டை வைத்தாள். அவன் தொடவில்லை. வண்டியின் கால்படியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"எசமான் வீட்டுல நான் ஒரு வெத்தல கூட கேக்காம எடுத்ததில்லண்ணா. உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றான்.

"மாவு சொல்லட்டும்" என்றான் கரியப்பன்.

அந்த வார்த்தையைக் கேட்டு முனிலட்சுமியே திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

நாலு மணிக்குச் சொன்னபடி நாராயணப்பன் வந்து நின்றார். ஷெட்டுக்குள் வந்து, வெள்ளை பூசியது போல் நின்ற எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கோலமாவு விஷயம் தெரியும்.

"எங்கியும் நனையலியே?"

"நனையல எசமான்."

"அப்ப எஞ்சின்ல ஒழுகல் இல்ல."

"எஞ்சின்ல இல்ல."

நாராயணப்பன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கங்கப்பனிடம் போய், தோளில் கிடந்த துண்டைப் பிடித்து முறுக்கினார். "நடடா ஸ்டேஷனுக்கு" என்றார். கங்கப்பன் கத்தவுமில்லை, காலில் விழவுமில்லை. எழுந்து நடந்தான். நாலு எட்டு வைத்தவன் ஷெட்டின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எசமான், இருங்க!" என்று கரியப்பன் கத்தினான்.

ஒரே தாவலில் வண்டிக்குப் போய் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தான். உள்ளே இரண்டு விரலை விட்டுத் தோண்டி, வெளியே எடுத்துக் காட்டினான். பழுப்பாக, கொழகொழவென்று, பாதி வெந்த களி. அதன் மேலெல்லாம் எண்ணெய் மின்னியது.

"உங்க எண்ணெய் இங்க இருக்குது எசமான். இவன் எடுக்கல. ராகிக் களி குழாயெல்லாம் அடச்சிட்டுது. தண்ணி ஓடல, எஞ்சின் ரெண்டு மாசமா கொதிச்சுக்கினே ஓடியிருக்குது. மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவுல கேஸ்கட்டுன்னு ஒரு தகடு இருக்குது. ஒருபக்கம் எண்ணெய் போற வழி, பக்கத்துலயே தண்ணி போற வழி. அந்தத் தகடு சூட்டுல வெந்துபோச்சு. எண்ணெய் தண்ணியில கலந்துட்டுது. ஓடறப்ப பொங்கி ரோட்டுல வழியும், ஆறினா நின்னுடும். அதான் உங்க கொட்டகையில கறை இல்ல."

"தெனம் தண்ணி ஊத்தறப்ப பழுப்பா மெதக்கும். ராகி நொரைன்னு நெனச்சேன்" என்றான் கங்கப்பன், யாரையும் பார்க்காமல்.

"ராகிய எவன் போட்டது?" என்றார் நாராயணப்பன்.

கங்கப்பன் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நேரம் திருடன் பட்டம் சுமந்தவன், அந்த ஒரு பேரைச் சொன்னால் போதும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் போட்டேன். இன்னும் போடுன்னும் நான்தான் சொன்னேன்" என்றான் கரியப்பன்.

நாராயணப்பன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். வானம் இடிந்து விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். துண்டை விட்டுவிட்டு, தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"அட, நாலு உருண்டை களி தின்னா எனக்கே வயிறு அடைக்குது, வண்டி பாவம் என்னா பண்ணும்! சரி சரி, கழட்டி நல்லா மாட்டிக் குடு மேஸ்திரி. உன்ன உட்டா யாரு கண்டுபிடிப்பா?"

அவ்வளவுதான். மேஸ்திரி செய்த தப்பு சிரிப்போடு போயிற்று. பின்னால் இந்தக் கதை ராமப்பன் காதுக்கும் எட்டி, அவரும் சிரித்தார், பஸ்களும் வந்தன. கரியப்பன் காலையிலிருந்து பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. கங்கப்பனிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்து சேரு, மாட்டுக்குப் பருத்திக்கொட்ட மூட்ட தூக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாராயணப்பன் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

கங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கரியப்பன் கையில் அந்தக் களியோடு நின்றுகொண்டிருந்தான்.

"காலையிலயே எத்தினி கைன்னு கேட்டீங்க. அப்பவே தொறந்திருக்கலாமில்லண்ணா" என்றான் கங்கப்பன்.

"பயமா இருந்துச்சு கங்கப்பா."

"எனக்கும் அப்படித்தாண்ணா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவன் எசமானுக்குப் பின்னால் போனான்.