ஒற்றைச் சடையும் ஓடாத மெஷினும்

சடைக்காரர் என்றால் அந்தத் தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தலைநிறைய முடி என்று நினைத்துவிட வேண்டாம், முன்மண்டை பளபளவென்றிருக்கும். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். எத்தனை ஒயர் வந்தாலும் சேர்த்துப் பிடித்து, நாலு விரற்கடைக்கு ஒரு கட்டுப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் சடை மாதிரி இறக்கிவிடுவார். மீட்டர் பெட்டியைத் திறந்தவர்கள் மூட மனமில்லாமல் நிற்பார்கள்.

அவருடைய பெண்டாட்டி மூன்று அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே தங்கை. மூத்த அண்ணன் லேத் பட்டறைக்காரர். பழைய மில்லிங் மெஷின் ஒன்றை, கம்ப்யூட்டர் சொன்னபடி தானே இரும்பைச் செதுக்கும் சி.என்.சி. மெஷினாக மாற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் சடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக ஃபேன் மாட்டி அலுத்த கை அது.

"மச்சான், ஒயரிங்கை நான் பாத்துக்கறேன்."

"மாப்ளே, இது காலிங் பெல் இல்ல. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஓடணும். இல்லேன்னா திங்கக்கிழமை வெளியாளு வருவான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

ஒன்பது நாள் சாப்பாட்டு மேசை அவர் வசம். குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கம் படம் போட்டார். இரும்பை ஏற்றிவைக்கும் மெஷின் மேசையை நகர்த்தும் மோட்டார்கள், வெட்டும் தலையைச் சுழற்றும் பெரிய மோட்டார், ஓரம் தொட்டதும் 'நில்' என்று சொல்லும் சுவிட்சுகள், ஆபத்துக்கு அடித்து நிறுத்த ஒரு சிவப்புக் குமிழ். குமிழுக்குப் போகும் ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டுமென்று அதை மட்டும் மூன்று தரம் அழித்து வரைந்தார். பெண்டாட்டி மகளின் கலர் பென்சிலோடு உட்கார்ந்தாள்.

"மோட்டார் ஒயருக்குச் சிவப்பு அடி, இடது பக்கம். சுவிட்ச் ஒயருக்கு நீலம், வலது பக்கம். ரெண்டும் ஒட்டவே கூடாது" என்றார்.

சனிக்கிழமை காலை மெஷினுக்கு உயிர் வந்தது. மேசை வெண்ணெயாக வழுக்கியது. வெட்டும் தலை சுழல ஆரம்பித்ததோ இல்லையோ, 'ஓரம் தொட்டாயிற்று' என்று திரையில் காட்டிவிட்டுப் படக்கென்று நின்றது. மேசையோ நட்டநடுவில். ஆறு தரம் இதே கூத்து. வெளியாளைக் கூப்பிட மச்சான் செல்போனைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டோடு வந்த பெண்டாட்டி, சுவரில் ஒட்டிய படத்தையும் திறந்து கிடந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, படத்துல ரெண்டு பாதை இருக்கு. பெட்டிக்குள்ள ஒரே சடை தொங்குதே?"

"சேத்துக் கட்டினா பாக்க அழகா..." என்று ஆரம்பித்தவர் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குங்க ரெண்டு கலர் அடிச்சேன்?"

கை வழக்கம் காலை வாரிவிட்டது. பெரிய மோட்டார் ஒயரின் மின் இரைச்சல், ஒட்டிக்கிடந்த சுவிட்ச் ஒயரில் ஏறி, ஓரம் தொட்டதாக மெஷினை ஏய்த்திருக்கிறது! மெயினை அணைத்துவிட்டு, அறுபது கட்டுகளையும் அவரே வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் முகம் சுளித்தது. பிறகு இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்றாகப் பின்னி இறக்கினார்.

ஐந்து மணிக்கு வெட்டும் தலை சுழன்றது, நிற்கவில்லை. இரும்புச் சுருள் பொலபொலவென்று உதிர்ந்தது. மச்சான் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ரெட்டைச் சடை நல்லாத்தான் இருக்கு மாப்ளே. அடுத்த மெஷினும் உனக்குத்தான்."

"அண்ணே, அப்ப எங்களுக்கு இன்னொரு சாப்பாட்டு மேசை வாங்கிக் குடு" என்றாள் தங்கை.